காவிரி வண்டலும் நமது கடமையும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

வருஷந்தோறும் வைகாசி மாதம் பிறந்துவிட்டால் தஞ்சை நாட்டில் எங்கு நோக்கினும் ஒரே பேச்சுத்தான். மேட்டூரில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது, ஜூன் 12-ந் தேதி மதகு திறக்கப்படுமா, கடைமடைக்குத் தண்ணீர் எந்த வாரம் வந்து சேரும் என்பவையே அப்பேச்சு. அணையின் நிறைமட்டம் 120 அடி என்பதையும், அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி என்பதையும் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் அறிவான். ஆனால் அந்த ஜலத்தோடு எவ்வளவு வண்டல் வருகிறது என்று எவரும் வினவ நான் கேட்டதில்லை. நீரை எண்ணுகிறோம், மண்ணை எண்ணுவதில்லை. இது பெருந்தவறு என்பதும், இத்தவற்றின் பயனை நமது வயல்கள் இப்பொழுதே அனுபவிக்கத் தொடங்கிவிட்டன என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை மிராசுதாரர்கள், கிராம அதிகாரிகள் முன்னிலையில் வைக்கத் துணிகிறேன்.

முதலாவது, நமது நிலம் உண்டான விதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காவிரியானது குடகு நாட்டில் தலைக்காவிரியில் தோன்றி, சுமார் 800 கிலோமீட்டர் தூரம் ஓடி, பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. அது பிறக்கும் மலைகளும் அது கடந்துவரும் மேட்டுநிலமும் பெரும்பாலும் கடினமான பாறைகளால் ஆனவை. பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் வருவதால் பாறையில் வெடிப்புகள் உண்டாகின்றன. வெடிப்பிற் புகுந்த மழைநீரும், அந்நீரிற் கரைந்துள்ள கரியமில வாயுவும், மரவேர்கள் கசியும் புளிப்பும் சேர்ந்து கல்லை மெல்ல மெல்லத் தின்கின்றன. பாறையில் அடங்கிய பெல்ஸ்பார் என்னும் பொருள் இவ்வாறு சிதைந்து களியாகிறது. அப்பொழுது அதனுள் இருந்த சாம்பல் சத்தும் வெளிப்படுகிறது. குவார்ட்ஸ் என்னும் பொருளோ சிதையாமல் உதிர்ந்து மணலாகிறது. ஆகவே, நமது வயலின் களியும் ஆற்றின் மணலும் ஒரே பாறை பெற்ற இரண்டு பிள்ளைகள் என்று சொல்லலாம்.

இவற்றைச் சுமந்துவரும் வண்டி ஆற்றுநீரே. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பொறியியலார் வழங்கும் கணக்கு. வேகம் சிறிது குறைந்தாலும் சுமை மிகவும் குறைந்துவிடும் என்பதும் இதனாலேயே விளங்கும். ஒகேனக்கல்லில் பாய்ந்து விழும் பிரவாகம் கூழாங்கற்களையும் உருட்டும். திருச்சிராப்பள்ளியைக் கடந்து சமதரையில் பரவும்பொழுது அதே ஆறு முதலில் பருமணலையும், பிறகு நுண்மணலையும், கடைசியாகக் களியையும் இறக்கி வைக்கிறது.

இதை நான் கிராமங்களில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டு காட்டுவதுண்டு. மழைக்காலத்தில் கலங்கி ஓடும் வாய்க்கால் நீரைக் குப்பியில் நிரப்பிக் குலுக்கித் திண்ணையில் வைத்தால், ஒரு நிமிஷத்திற்குள் மணல் அடியில் தங்கிவிடும். அதன்மேல் சில மணி நேரத்தில் வண்டல் படியும். களியோ மறுநாள் காலையிலும் முற்றும் தெளியாமல் நிற்கும். குப்பியிற் காண்பதே நாட்டிலும் நிகழ்ந்தது. வெள்ளம் கரை புரளும்பொழுது ஆற்றோரத்தில் வேகம் தணிந்து பருமனானவை முதலில் விழ, கரையை ஒட்டி மேடான படுகைகள் அமைந்தன. வாழையும் வெற்றிலையும் செழிக்கும் இறகுவாகான மண் அப்படுகைகளில் இருப்பதற்குக் காரணம் இதுவே. கரையை விட்டு விலகிச் சென்ற நீர் தேங்கிய பள்ளங்களில் களி படிந்து, நெல்லுக்கேற்ற கனத்த வயல்கள் உண்டாயின. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு முதலிய கிளைகள் பிரிந்து சென்ற இடமெல்லாம் இவ்வேலை பல ஆயிரம் வருஷங்களாக நடைபெற்றது. நாம் பட்டா பெற்று உழுகிற நிலம் குடகு மலையின் துகள் என்பதை மறத்தலாகாது.

ஆற்றின் படுகை ஒருபோதும் அசையாதிருப்பதன்று; நாம் ஒருபுறம் கைவைத்தால் அது மறுபுறம் பதில் சொல்லும். இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று இருக்கிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழியாகச் செல்வதாலும் வாட்டம் மிகுந்திருப்பதாலும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளத்தின் பெரும்பகுதியை அதுவே இழுத்துக்கொண்டது. காவிரியோ வேகம் குன்றி மணலால் மேடிட்டு வந்தது. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையில் ஆர்தர் காட்டன் துரை 1830-ஐ ஒட்டி மணல்போக்கி மதகுகள் அமைத்ததும், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியதும் இக்கேட்டை நீக்குவதற்கே. மேலணை எழும்பியதும் நிலைமை தலைகீழாயிற்று. காவிரியில் நீர் மிகுந்து அதன் படுகை அரிக்கப்படவே, 1840-களில் காவிரித் தலைப்பிலும் ஓர் அடித்தளச் சுவர் போட நேர்ந்தது. நீரைத் திருப்புகிறவன் மண்ணையும் திருப்புகிறான் என்னும் பாடத்தை நமது ஆறு அப்பொழுதே கற்பித்தது.

இனி, 1934-ஆம் வருஷத்திற்கு வருவோம். அவ்வருஷம் மேட்டூர் அணை முடிவுபெற்றது. அதனால் விளைந்த நன்மைகளைக் குறைத்துக் கூற நான் முற்படவில்லை. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் எத்தனை கரைகளை உடைத்து, எத்தனை வயல்களில் மணலைக் கொட்டிச் சென்றது என்பது முதியோர் வாய்வழியாக இன்றும் வழங்கி வருகிறது. அணை அத்தகைய வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துகிறது. கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் இலட்சக்கணக்கான ஏக்கர் புதிதாகப் பாசனம் பெற்றதும் அதன் பயனே. ஆயினும் ஓடுகிற நீர் நிற்குமிடத்தில் சுமை இறங்கியே தீரும். அணையின் நீர்த்தேக்கம் நான் மேலே சொன்ன கண்ணாடிக் குப்பியைப் போன்றதுதான். மலையிலிருந்து வரும் மணலும் வண்டலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட, தெளிந்த நீரே நமக்கு வந்து சேருகிறது. அணைக்குக் கீழே கலக்கும் பவானியிலும் அமராவதியிலும் 1950-களில் அணைகள் எழும்பியபின், அவ்வழியாக வந்துகொண்டிருந்த வண்டலும் குறைந்தது.

வெண்ணாற்றங்கரை முதியவர் ஒருவர் என்னிடம், "ஐயா, என் தகப்பனார் காலத்தில் புதுத்தண்ணீர் வந்தால் கையை உள்ளே விட்டால் விரல் தெரியாதாம். ஆறே எருவண்டி என்பார். இப்பொழுது அடியில் கிடக்கும் ஓடு வரையில் தெரிகிறது" என்றார். ஆடிப்பெருக்கன்று நாம் வணங்கும் நீரில் நிறம் மாறியதை அவர் கண்டார். நம்மிற் பலர் காணவில்லை.

தெளிந்த நீரினால் இழப்பு ஒன்று மட்டுமன்று. சுமையற்ற நீர் பசித்த நீராகும். தன் சுமையை அது தான் ஓடும் படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மேலிருந்து மணல் வரவு குறைந்த இக்காலத்திலேதான் கட்டட வேலைகளுக்காக ஆற்றுமணல் அளவின்றி அள்ளப்பட்டது. வரவு நின்ற பெட்டியிலிருந்து செலவை இரட்டித்தால் பெட்டி காலியாவது அதிசயமா? படுகை தாழ்ந்துவிட்டால், ஆற்றில் முன்போல் ஜலம் ஓடினாலும் வாய்க்கால் தலைமதகின் வாசற்படிக்கு அது ஏறுவதில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் திருச்சியில் 1928-ஆம் வருஷத்துக் கொள்ளிடப் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. அக்கட்டடங்களின் முதுமையும் வெள்ளத்தின் வேகமும் அதற்குக் காரணங்களே. ஆனால் மணலை இழந்த படுகையில் எந்த அஸ்திவாரமும் முன்போல் நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கடற்கரைப் பக்கத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அலையின் அரிப்பு அணைகளுக்கு முன்பிருந்தே நடப்பது. மேட்டூரின் மேல் அப்பழியைச் சுமத்துவது நியாயமன்று. எனினும் கடல் எடுப்பதும் ஆறு கொடுப்பதுமாகவே ஆற்றுமுகத்து நிலம் நிலைபெறுகிறது. கொடுப்பவன் கை சுருங்கினால் எடுப்பவனுக்கு அனுகூலம். எகிப்து தேசத்தில் நைல் நதியின் மேல் அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின், அங்குள்ள வயல்களுக்கு வருஷந்தோறும் வந்த வண்டல் நின்றதும், கடற்கரை அரிப்பு மிகுந்ததும் உலகம் அறிந்தது. நாம் தனித்துத் துன்பப்படுகிறோம் என்று எண்ண வேண்டுவதில்லை.

இதுவரை கூறியவை பெரிய காரியங்கள். அணையையும் கடலையும் ஒரு கிராமத்தார் மாற்ற இயலாது. ஆனால் நம் கையால் நாமே செய்துகொள்ளும் கேடு ஒன்று உண்டு. அது மேல்மண் விற்பனை. இது விஷயத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது முறை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நிலச்சுவான்தார் தம் மகளின் கலியாணச் செலவுக்காக, மூன்று மா நிலத்தில், அதாவது ஓர் ஏக்கரில், இரண்டடி ஆழம் மண்ணைச் செங்கற் சூளைக்குக் கொடுக்க எண்ணி என் யோசனையைக் கேட்டார். வயல் சற்று மேடாக இருந்தது. "மேட்டைக் குறைத்தால் தண்ணீர் தாராளமாக ஏறும்" என்று நானும் சொல்லிவிட்டேன். சுமார் 870 யூனிட் மண் போயிற்று. அவ்வருஷம் ஐப்பசி மழையில் சுற்றுவயல்களின் நீரெல்லாம் அங்கே வந்து நின்று சம்பா நாற்று அழுகியது. அடுத்த வருஷம் வடிகால் வெட்டி நட்டார். உரம் முன்னிலும் மிகுதியாக இட்டும் பயிர் வெளுத்தே நின்றது. பக்கத்து வயல்காரரின் வரப்பும் பள்ளத்தில் சரிந்து சண்டை மூண்டது. "மேட்டைச் சமன் செய்தோம் என்றிருந்தோம் ஐயா, பாட்டன் சொத்தை லாரியில் ஏற்றிவிட்டோம்" என்று அவர் சொன்னபொழுது எனக்கு மறுமொழி இல்லை.

உழவு ஓடும் ஆறங்குலப் பரப்பிலேதான் மட்கும், நுண்ணுயிர்களும், பயிர் எளிதில் உண்ணக்கூடிய சத்தும் பெரும்பாலும் அடங்கியுள்ளன. ஓர் ஏக்கரில் ஓரங்குல மண் 3,630 கன அடி, அதாவது 36 யூனிட்டுக்குச் சற்று மேல். முற்காலத்தில் மண் எடுத்த பள்ளத்தை ஆறு வெள்ளந்தோறும் சிறிது சிறிதாகத் தூர்த்து வந்தது. இப்பொழுது தூர்க்க வருவார் இல்லை. ஆகையால் இன்று விற்கும் மேல்மண் வருமானமன்று, முதலாகும். முதலை விற்று உண்பவன் குடும்பம் எவ்வாறு முடியுமென்பதை மிராசுதாரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"வண்டல் இல்லாவிட்டால் என்ன? மூட்டை உரம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். யூரியா தழைச்சத்தைத் தரும். அதை மறுப்பார் இல்லை. ஆனால் இட்ட உரத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குச் சிறுகச் சிறுகக் கொடுப்பது களியும் மட்குமே. உடல் மெலிந்த மண்ணில் இட்ட உரம் நீரோடு போய்விடும். இப்பொழுது நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டு இடும்படி நாங்கள் சொல்லி வருகிறோம். துத்தநாகக் குறைவுக்கு வயலில் இடைவிடாது நீர் நிற்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. வண்டல் குறைவே முழுக் காரணம் என்று நான் வாதிக்கவில்லை. ஒருகாலத்தில் ஆறு சுமந்துவந்த பலவகைத் தாதுக்களை இன்று கடையில் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கும்படி ஆகிவிட்டது என்பதை மட்டும் கணக்கில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, விளைநிலத்தின் மேல்மண்ணை எக்காரணம் கொண்டும் விற்றலாகாது. செங்கல் மண் எடுப்பதற்கு 1959-ஆம் வருஷத்துச் சிறு கனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. மனு வரும்பொழுது கிராம நிர்வாக அலுவலர் வீட்டிலிருந்தபடியே அறிக்கை எழுதாமல், நிலத்தில் நின்று, சுற்றுவயல்களின் மட்டத்தையும் வடிகாலையும் பார்த்து எழுத வேண்டும். மேட்டைச் சமன் செய்வது மெய்யாகவே அவசியமானால், மேல் ஆறங்குல மண்ணை வழித்து ஒருபுறம் குவித்து, அடிமண்ணைச் சமன் செய்தபின் மேல்மண்ணை மறுபடியும் பரப்புவதே முறை. இதை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கோடையில் வாய்க்கால் தூர் வாரும்பொழுது எடுத்த மண்ணைக் கரைமேல் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். முதல் மழையில் அது மறுபடியும் வாய்க்காலுக்கே திரும்புகிறது. அம்மண்ணில் ஒரு பிடியைக் குப்பியிலிட்டு நீரில் கலக்கிப் பாருங்கள். அடியில் மணல் மிகுந்தால் கரையைப் பலப்படுத்த உதவும்; வண்டல் மிகுந்தால் அது வயலுக்குரியது. கடலோரக் கிராமங்களில் மட்டும் உப்பு இருக்கிறதா என்று மண் பரிசோதனை செய்தபின் இடுவது நலம்.

மூன்றாவது, ஏரி குளங்களின் வண்டல். விவசாயிகள் இதை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சர்க்கார் 2017-இல் வழிசெய்தது. மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் அவ்வருஷம் வண்டல் எடுக்க அனுமதி தரப்பட்டது. 2024-இல் விதிகள் எளிதாக்கப்பட்டு, ஏரி குளங்களில் எடுப்பதற்கு வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றாயிற்று. மூன்று யூனிட் லாரி 12 நடை அடித்தால் ஓர் ஏக்கரில் ஓரங்குலம் பரவும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்திலுள்ள மணற்பாங்கான செம்மண்ணுக்கு இது மிகவும் ஏற்றது. பழைய பாசனத்தின் கனத்த களிநிலத்திற்கு மேலும் களி வேண்டியதில்லை. அங்கே தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்து மடக்கி உழுவதே பொருத்தம்.

நான்காவது, சேற்றுழவு செய்த அன்றே கலங்கல் நீரை வடிகட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்நீரில் கலந்து போவது நமது மேல்மண்ணே. இரண்டு நாள் கட்டிவைத்துத் தெளிந்தபின் வடித்தால் மண்ணும் நிற்கும், அடியுரமும் நிற்கும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஐந்தாவது, மிகவும் முக்கியமானது. அணையில் நீர்மட்டத்திற்கு அளவுக்கல் இருப்பதுபோல், ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் மண்மட்டத்திற்கு ஓர் அளவுக்கல் நாட்ட வேண்டும். வருஷந்தோறும் சித்திரை மாதத்தில் ஆறு வறண்டிருக்கும் சமயம், தலைமதகின் வாசற்படிக்கு எத்தனை அங்குலம் கீழே ஆற்றுப்படுகை இருக்கிறது என்று அளந்து, தேதியிட்டு, கிராமப் புஸ்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மணல் அள்ளுவதைக் குறித்து மனுச் செய்யும்பொழுது, "அதிகமாக அள்ளுகிறார்கள்" என்னும் புகாரைவிட, "ஐந்து வருஷத்தில் இத்தனை அங்குலம் தாழ்ந்தது" என்னும் கணக்குக்கே கச்சேரியில் மதிப்பு உண்டு.

இவை ஒன்றும் நம் சக்திக்கு மிஞ்சியவை அல்ல. குடிமராமத்து என்னும் பெயரால் நம் முன்னோர் வருஷந்தோறும் கூடிச் செய்த வேலையின் தொடர்ச்சியே இவை. மேட்டூர்த் தண்ணீர் ஒரு வருஷம் குறைந்தாலும் மறுவருஷம் நிறையக்கூடும். போன மண் அவ்வாறு திரும்புவதில்லை. வருகிற சித்திரையில் தங்கள் கிராமத்துத் தலைமதகில் முதல் அளவை எடுத்து எழுதும் கிராமத்தார் எவரேனும் இருப்பின், குப்பியும் அளவுகோலுமாக அங்கே வந்து உடனிருந்து உதவ இவ்விலாகா ஊழியனாகிய நான் சித்தமாயிருக்கிறேன்.